உறக்கமும் படிப்புதான்!

(தலைப்பு: மாணவரை உயர்த்துவது இரவு விழிப்பா? இரவு உறக்கமா? கோவையில் நடந்த பொங்கல் சிறப்புப் பட்டிமன்றத்தில், 'இரவு உறக்கமே' அணியின் மூன்றாவது பேச்சு.)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, கோபி என்று நாலா பக்கமும் இருந்து பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! இத்தனை கூட்டத்துக்கு நடுவிலும், ரெண்டாவது வரிசையிலே உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிற பிளஸ் டூ மாணவச் செல்வங்களே! (சிரிப்பு)

உங்களைச் சொல்லிக் குத்தமில்லை கண்ணுகளா. இன்னிக்கு நான் பேசப்போறதே உங்க கொட்டாவியைப் பத்தித்தான்.

நடுவர் அவர்களே, இந்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவங்க, "ஐயா, நீங்க உறக்கத்துக்கு ஆதரவாப் பேசணும்" என்று போனிலே சொன்னாங்க. பக்கத்துல நின்ன என் வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க தெரியுங்களா? "ஏனுங்க, முப்பது வருசமா வீட்ல எடுத்த பயிற்சி வீண் போகலைங்க!" (பலத்த சிரிப்பு)

(நடுவர்: வீட்டிலேயே தீர்ப்பு சொல்லிட்டாங்க. எனக்கு இங்கே வேலை இல்லை!)

இருக்குதுங்க, வேலை இருக்குது. ஏன்னா எதிரணியிலே லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. முதல்ல பேசின பேராசிரியர் நேரா வள்ளுவரையே கூட்டிட்டு வந்துட்டார். மடியின்மை அதிகாரத்திலே, கெட்டுப்போகப் போகிறவன் ஆசைப்பட்டு ஏறுகிற மரக்கலம் என்று நாலு விஷயங்களை வள்ளுவர் சொல்கிறார். காலம் தாழ்த்துவது, மறதி, சோம்பல், தூக்கம். "பார்த்தீர்களா, தூக்கம் கெடுக்கும்!" என்றார் பேராசிரியர்.

ஐயா, நான் கேக்கிறேன். வள்ளுவர் தூக்கத்தை யார் பக்கத்திலே உட்கார வெச்சிருக்கார்? சோம்பலுக்குப் பக்கத்திலே! அவர் கண்டிக்கிறது சோம்பேறியோட தூக்கத்தை. விடியக்காலம் எந்திரிச்சு, பொழுதுக்கும் உழைச்சிட்டு வந்து கண்ணு சொருகுற பிள்ளையோட தூக்கத்தை இல்லை. அதே வள்ளுவர், மருந்து அதிகாரத்தைத் தொடங்கும்போதே, மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய் என்கிறார். உணவுக்கும் செயலுக்கும் இருக்கிற அளவு, உறக்கத்துக்கு மட்டும் கிடையாதா?

இன்னொண்ணு பாருங்க. அந்த நாலிலே மறதியும் இருக்கு. தூக்கத்தை விரட்டினால் அந்த இடத்திலே வந்து உட்காருறது யாரு? மறதி! ஒரு ஓட்டைப் படகிலிருந்து குதிச்சு, இன்னொரு ஓட்டைப் படகிலே ஏறின கதைதான். (கைதட்டல்)

ரெண்டாவதாப் பேசின தங்கச்சி தெருவிளக்கைக் கொண்டு வந்தாங்க. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் தெருவிளக்கு வெளிச்சத்திலே படிச்சார் என்று சொல்வார்கள். அம்மா, அவர் தெருவுக்கு ஏன் வந்தார்? வீட்டிலே விளக்கு இல்லை, அதனாலே வந்தார். அது வறுமையை ஜெயிச்ச கதைம்மா, தூக்கத்தை ஜெயிச்ச கதை இல்லை. இன்னிக்கு நம்ம வீட்டிலே ரூமுக்கு ரெண்டு டியூப் லைட் இருக்கு. அணைக்கத்தான் ஆள் இல்லை!

அப்புறம், 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பட்டுக்கோட்டையார் எழுதின பாட்டைச் சொன்னாங்க. தம்பியைத் தூங்க வேண்டாம்னு எழுப்புகிற பாட்டு. உண்மைதான். ஆனா கடமை நேரத்திலே தூங்குறவனை எழுப்பத்தான் கவிஞர் பாடினார். ராத்திரி தூங்கினால்தானே அந்தத் தம்பி பகல்ல முழிச்சிருப்பான்?

சரி, வாதத்துக்கு வாதம் போதும். விஷயத்துக்கு வர்றேன்.

கொங்கு நாட்டு மண்ணிலே நின்னுக்கிட்டு தூக்கத்துக்கு வக்காலத்து வாங்குறது சாதாரணக் காரியம் இல்லீங்க. இது உழைப்பாளி பூமி. 1888-லேயே ஸ்டேன்ஸ் மில் ஓட ஆரம்பிச்ச ஊரு இது. 1930-கள்ல பைகாரா மின்சாரம் மலையிறங்கி வந்துச்சு. அதுக்கப்புறம் மில்லுக்கு மேல மில்லு. ஷிப்டு சங்கு ஊதினா ஊரே எந்திரிக்கும். ராத்திரி, பகல்னு பார்க்காம உழைச்சுத்தான் இந்த ஊரு நிமிந்துச்சு. ஒத்துக்கறேன்.

ஆனா ராத்திரி ஷிப்டு பார்த்துட்டு வந்த மனுசன் பகல்ல என்ன பண்ணினார்? தூங்கினார்! அந்த வீட்டம்மா ஜன்னலுக்குப் பழைய சேலையைக் கட்டி இருட்டாக்குவாங்க. வாசல்ல விளையாடுற பிள்ளைகளை, "சத்தம் போடாதீங்க சாமி, அப்பா நைட்டு பார்த்துட்டு வந்து படுத்திருக்காரு" என்று அதட்டுவாங்க. எங்க அப்பா விவசாயி. ராத்திரியிலே கரண்டு வந்தாத்தான் மோட்டார் ஓடும். ஒரு மணிக்கு எந்திரிச்சுப் போய் மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டுவார். ஆனா மத்தியானம் சோறு தின்னுட்டு வேப்ப மரத்தடியிலே கயித்துக் கட்டில்ல சாஞ்சா, எமனே வந்தாலும் காத்திருக்கணும்! (சிரிப்பு)

பெரியவங்களோட தூக்கத்துக்கு அத்தனை மரியாதை குடுத்த ஊரு நம்ம ஊரு. பிள்ளைகளோட தூக்கத்துக்கு மட்டும் ஏனுங்க மரியாதை இல்லாமப் போச்சு?

நான் கணக்கு வாத்தியாருங்க. சூலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியிலே பல வருசம் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவன். அதனாலே ஒரு சின்னக் கணக்கு போடலாம். நம்ம வீட்டுப் பிளஸ் டூ பிள்ளையோட ஒரு நாளைப் பாருங்க. காலையிலே 4:30-க்கு அலாரம். 5:30-லிருந்து 7 மணி வரைக்கும் டியூஷன். 8:15-க்கு ஸ்பெஷல் கிளாஸ். அப்புறம் பள்ளிக்கூடம். அது முடிஞ்சு சாயங்காலம் 6 மணி வரைக்கும் மறுபடி ஸ்பெஷல் கிளாஸ். வீட்டுக்கு வந்து காபித் தண்ணி குடிச்சிட்டு 7:30-க்கு இன்னொரு டியூஷன். 9 மணிக்குச் சாப்பாடு. 9:30-க்குப் புஸ்தகத்தைத் திறந்தா, மூடுறது 11:45-க்கு.

கூட்டிப் பாருங்க. பாடத்துக்கு முன்னாடி உட்கார்றது ஒரு நாளைக்கு 13 மணி நேரத்துக்குக் குறையாது. ஆறு நாளைக்கு 78 மணி. 1948-ல் கொண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம், வளர்ந்த தொழிலாளியையே வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலே சாதாரணமா வேலை வாங்கக் கூடாது என்று சொல்லிச்சு. மில்லுக்காரர் செஞ்சா சட்ட விரோதம், அப்பா அம்மா செஞ்சா பாசமா? (கைதட்டல்)

தூக்கக் கணக்குக்கு வாங்க. 11:45-க்குப் படுத்து 4:30-க்கு எந்திரிச்சா 4 மணி 45 நிமிஷம். 13 வயசிலிருந்து 18 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு 8-லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொல்லியிருக்கு. குறைஞ்சபட்சம் 8 என்றே வெச்சுக்குவோம். ஒரு நாளைக்கு மூணே கால் மணி நேரம் பாக்கி. ஆறு நாளைக்குப் பத்தொன்பதரை மணி நேரம். "ஞாயித்துக்கிழமை தூங்கிக்குவான்" என்று சொல்றாங்க. அன்னைக்கு உள்ள 8 மணியையும் பழைய பாக்கியையும் சேர்த்தா இருபத்தேழரை மணி நேரம் தூங்கணும்! நாளைக்கு 24 மணிதானுங்களே! (பலத்த சிரிப்பு) அந்த ஞாயித்துக்கிழமையும் மாதிரித் தேர்வு வெச்சிருப்பாங்க, அது வேற கதை.

நடுவர் அவர்களே, இந்தக் கணக்கை நான் இன்னிக்குச் சுலபமாப் போடுறேன். ஆனா அன்னைக்கு நான் போடலை. இந்த மேடையிலே ஒரு உண்மையைச் சொல்லணும். இந்தக் குற்றத்திலே நானும் ஒரு குற்றவாளி.

2009-ம் வருசம். செல்போன் வீட்டுக்கு வீடு வந்த நேரம். எனக்கு ஒரு யோசனை. வகுப்பிலே இருக்கிற 42 பிள்ளைங்க நம்பரையும் வாங்கி வெச்சுக்கிட்டேன். காலையிலே 4 மணிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் மிஸ்டு கால் குடுப்பேன். அஞ்சு நிமிஷத்திலே அந்தப் பிள்ளை திருப்பி மிஸ்டு கால் குடுக்கணும். குடுத்தா முழிச்சிட்டான்னு அர்த்தம். குடுக்கலைன்னா வகுப்பிலே எந்திரிச்சு நிக்கணும். பெற்றோர்களுக்கு ஒரே சந்தோஷம். "வாத்தியார்னா இவருதான் வாத்தியார்" என்று கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்கும் பெருமை தாங்கலை. என் வகுப்பிலே முதல் பீரியடிலே பாதிப் பேர் தலை ஆடும். நான் பாடம் புரிஞ்சு ஆடுதுன்னு நினைச்சேன்! (சிரிப்பு)

அந்த வருசம் என் மகளும் பிளஸ் டூ. ஊருக்கே மிஸ்டு கால் குடுக்கிறவன், வீட்டுப் பிள்ளையைச் சும்மா விடுவேனா? அவளுக்கு நேர்லயே கால்! கண்ணுல தண்ணி தெளிச்சு எழுப்புவேன். கெமிஸ்ட்ரி டியூஷன் டவுன்ல. தினமும் விடியக்காலம் மொபெட்ல பின்னாடி உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவேன்.

2010 ஜனவரி. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி. மார்கழிப் பனி. ரோட்டிலே பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியலை. "கண்ணு, ஆவர்த்தன அட்டவணையிலே பதினேழாவது தொகுதி சொல்லு" என்று கேட்டுக்கிட்டே ஓட்டுறேன். புளோரின், குளோரின் என்று சொல்லிட்டே வந்தா. அப்புறம் சத்தம் இல்லை. யோசிக்கிறா போல என்று நினைச்சேன். ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்குச்சு. பின்னாடி பாரம் இல்லை.

திரும்பிப் பார்த்தா, ரோட்டிலே கிடக்கிறா. தூங்கி விழுந்திருக்கா.

பின்னாடி ஒரு லாரியோ பஸ்ஸோ வந்திருந்தா, நான் இன்னிக்கு இந்த மேடையிலே இருக்க மாட்டேனுங்க. எந்த மேடையிலேயும் இருந்திருக்க மாட்டேன். சாமி புண்ணியத்திலே இடது கை மணிக்கட்டு எலும்பு முறிஞ்சதோட போச்சு. ஆஸ்பத்திரியிலே மாவுக்கட்டு போட்டுப் படுக்க வெச்சாங்க. நான் பக்கத்திலே உட்கார்ந்து அழுதுட்டிருக்கேன். என் மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. வலிக்குதுன்னு சொல்வான்னு நினைச்சேன். அவ கேட்டது என்ன தெரியுங்களா?

"ஏனுங்கப்பா, இப்பவாச்சும் தூங்கட்டுங்களா?"

(அரங்கில் அமைதி)

கையை முறிச்சுக்கிட்டாத்தான் என் வீட்டிலே தூங்கறதுக்கு அனுமதி கிடைக்கும்னு என் பிள்ளை நினைச்சிருக்கா. அந்த டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, "சார், கைக்கு நான் கட்டுப் போட்டுட்டேன். தூக்கத்துக்கு நீங்கதான் கட்டுப் போடணும். பாப்பா எத்தனை மணிக்குப் படுக்கிறா?" என்று கேட்டார். கணக்கு வாத்தியாருக்குப் பதில் சொல்ல வாய் வரலை. மறுநாள் காலையிலே 4 மணிக்கு நான் யாருக்கும் மிஸ்டு கால் குடுக்கலை. அதுக்கப்புறமும் என்னைக்கும் குடுத்ததில்லை.

அன்னையிலிருந்து தூக்கத்தைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். நான் படிச்சதிலே நாலே நாலு விஷயம் சொல்றேன்.

முதல் விஷயம். 1924-ல் அமெரிக்காவிலே கார்னெல் பல்கலைக்கழகத்திலே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்று ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணினாங்க. ரெண்டு மாணவர்களுக்கு அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணக் குடுத்தாங்க. படிச்சதும் தூங்கினப்ப எவ்வளவு ஞாபகம் இருக்கு, அதே நேரம் முழிச்சிருந்தப்ப எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு பார்த்தாங்க. தூங்கி எந்திரிச்சப்பதான் அதிகம் ஞாபகம் இருந்துச்சு. நூறு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சிகளும், பகல்ல படிச்சதை மூளை அடுக்கி வெச்சுப் பத்திரப்படுத்துறதிலே தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்குன்னு சொல்லுது.

இது நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியாத விஷயமா? காங்கேயம் மாடு கொறங்காட்டிலே என்ன பண்ணுது? கிளுவை வேலிக்குள்ளே காலையிலே மேயுது. வெயில் ஏறினதும் மர நிழல்ல படுத்து அசை போடுது. மேயறது பாதி வேலை, அசை போடுறது மீதி வேலை. மேய்ஞ்சுக்கிட்டே இருன்னு மாட்டை நாள் பூரா விரட்டினா, அதுக்குச் செரிக்குமா? பால்தான் கறக்குமா? நாளைக்கு மறுநாள் பட்டிப் பொங்கல் வெச்சு மாட்டைக் கும்பிடப் போறோம். அந்த மாட்டுக்குக் குடுக்கிற ஓய்வை நம்ம பிள்ளைக்குக் குடுக்க வேண்டாமா? புஸ்தகம் படிக்கிறது மேய்ச்சல். தூக்கந்தான் அசை போடுறது. உறக்கம் படிப்புக்கு எதிரி இல்லை, நடுவர் அவர்களே. உறக்கமும் படிப்புதான்! (நீண்ட கைதட்டல்)

ரெண்டாவது விஷயம். 1997-ல் ஆஸ்திரேலியாவிலே பெரியவங்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிறவரோட கையும் கண்ணும், ரத்தத்திலே 0.05 சதவீதம் சாராயம் இருக்கிறவர் மாதிரி தடுமாறுதுன்னு கண்டாங்க. நம்ம நாட்டிலே 0.03 சதவீதத்தைத் தாண்டி வண்டி ஓட்டினாலே போலீஸ் வழக்குப் போடும். காலையிலே 4:30-க்கு எந்திரிச்ச பிள்ளைக்கு 17 மணி நேரம் எப்ப முடியுது? ராத்திரி 9:30-க்கு! நாம எப்ப, "போய்ப் படி" என்று உட்கார வைக்கிறோம்? சரியா 9:30-க்கு! குடிச்சவன் மாதிரி தடுமாறுகிற மூளைகிட்டே போயி வகை நுண்கணிதம் போடுன்னா, அது என்ன போடும்? தாளம்தான் போடும்! (சிரிப்பு)

மூணாவது விஷயம். வாலிப வயசிலே உடம்புக்குள்ளே இருக்கிற கடிகாரமே கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போயிடும். ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையிலே சீக்கிரம் முழிப்பு வராது. அது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அந்த உடல் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச ஹால், ரோஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசே குடுத்தாங்க. கலிபோர்னியாவிலே 2019-ல் சட்டம் போட்டு, 2022-லிருந்து உயர்நிலைப் பள்ளிகளை 8:30 மணிக்கு முன்னாடி திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவ்வளவு தூரம் எதுக்கு? மகாராஷ்டிராவிலே 2024-ல், நாலாம் வகுப்பு வரைக்கும் காலை 9 மணிக்கு முன்னாடி பள்ளி வேண்டாம்னு அரசு உத்தரவு போட்டுச்சு.

நாலாவது, சட்டம். 2012-ல் ராம்லீலா மைதான வழக்கிலே, உறக்கம் மனுசனோட அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நடுராத்திரியிலே தூங்கிட்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் எழுப்பினதைப் பத்தின வழக்கு அது. போலீஸே எழுப்பக் கூடாதுங்கறாங்க. வாத்தியார் மிஸ்டு கால் குடுத்து எழுப்பலாமா? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியிலே மூணாவதாப் பேசின தம்பி ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "பாடம் மலை மாதிரி கிடக்குதே, நேரம் எங்கே இருக்கு? தூங்கினா யாரு முடிக்கிறது?" என்றார். தம்பி, அது நிஜம். திருப்பூர்ல சாயங்காலம் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிக்கிட்டே காலேஜ் படிக்கிற பையன் இருக்கான். வால்பாறையிலிருந்தும் ஆனைகட்டியிலிருந்தும் ரெண்டு பஸ் மாறி வர்ற பொண்ணு இருக்கு. எல்லாருக்கும் எட்டு மணி நேரம் வாய்க்காது. அவங்களைப் பார்த்து, "நல்லாத் தூங்கு" என்று சும்மா சொல்லிட்டுப் போறது கையிலே காசில்லாதவனை "நல்லாச் சாப்பிடு"ங்கற மாதிரி. அதனாலே என் அனுபவத்திலே கண்ட அஞ்சு வழி சொல்றேன். ரெண்டாவது வரிசைத் தம்பிகளா, இப்ப முழிச்சுக்குங்க!

ஒண்ணு. கிடைக்கிறது ஆறு மணி நேரந்தான்னா, அதை ஒரே துண்டா எடுத்துக்குங்க. ரெண்டு மணி நேரம் இங்கே, மூணு மணி நேரம் அங்கேன்னு வேட்டியைக் கிழிக்கிற மாதிரி கிழிக்காதீங்க. படுக்கிற நேரமும் எந்திரிக்கிற நேரமும் தினமும் ஒண்ணா இருக்கட்டும்.

ரெண்டு. மத்தியானம் இருபது நிமிஷம் கண்ணை மூடுங்க. எங்க அப்பாவோட கயித்துக் கட்டில் வைத்தியம். பஸ்ஸிலே உட்கார இடம் கிடைச்சா அங்கேயே மூடலாம், இறங்கற இடத்தைப் பக்கத்துல உள்ளவர்கிட்டே சொல்லி வெச்சுட்டு! ஆனா ஒரு மணி, ஒன்றரை மணின்னு நீட்டினா எந்திரிக்கிறப்ப தலை பாரமா இருக்கும். ராத்திரித் தூக்கமும் போயிடும்.

மூணு. சாயங்காலத்துக்கு மேலே காபி, டீ வேண்டாம். 5 மணிக்குக் குடிச்ச காபியிலே இருக்கிற காஃபின்ல ஏறக்குறையப் பாதி, ராத்திரி 10 மணிக்கும் உடம்புக்குள்ளே சுத்திக்கிட்டிருக்கும். நீங்க படுத்தாலும் அது படுக்காது.

நாலு. செல்போன். இதிலே பிள்ளைகளும் கொஞ்சம் யோக்கியமாப் பேசணும். டியூஷன் தின்ன தூக்கம் பாதி, போன் தின்ன தூக்கம் மீதி. "ஒரே ஒரு வீடியோ" என்று எடுத்தா, மணி பன்னெண்டரை. ராத்திரி போன் சமையலறையிலே படுக்கட்டும். அப்பா போனும் சேர்த்துத்தான்! (சிரிப்பு)

அஞ்சு, இதுதான் முக்கியம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழிக்காதீங்க. அன்னைக்குப் புதுசா ஏத்துற ரெண்டு பாடத்துக்காக, ஏற்கெனவே ஏத்தி வெச்ச இருபது பாடத்தைக் காவு குடுக்காதீங்க. கணக்கிலே ஒரு கழித்தல் குறியை விட்டுட்டா மொத்தமும் போச்சு. பல வருசம் விடைத்தாள் திருத்தினவன் சொல்றேன். பிள்ளைங்க தெரியாம விடுற மார்க்கைவிட, அசதியிலே விடுற மார்க்கு ஜாஸ்தி. அப்புறம், தூக்கக் கலக்கத்திலே வண்டி ஓட்டாதீங்க, வண்டியிலே பின்னாடியும் உட்காராதீங்க. அதுக்கு மேலே விளக்கம் வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. நம்ம பயம் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஜன்னல்ல லைட் எரியுது, நம்ம பிள்ளை தூங்குறானேன்னு வயிறு கலங்குது. அந்த வீட்டம்மா யாரைப் பார்த்துப் பயந்து லைட்டைப் போட்டிருக்காங்க தெரியுங்களா? நம்ம வீட்டு லைட்டைப் பார்த்து! (சிரிப்பு) யாராவது ஒருத்தர் முதல்ல அணைக்கணும். 2017-ல் தமிழ்நாட்டிலே, பொதுத் தேர்விலே முதலிடம், ரெண்டாமிடம்னு பேர் சொல்லி அறிவிக்கிறதையே நிறுத்தினாங்க. அரசாங்கம் நிறுத்தின ஓட்டப் பந்தயத்தை நாம ஏனுங்க வீட்டுக்குள்ளே ஓட்டிக்கிட்டு இருக்கோம்?

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடறேன் நடுவர் அவர்களே. மணி அடிச்சா எந்திரிக்கிற பழக்கம், உட்கார்ற பழக்கம் இன்னும் வரலை!

என் மகள் என்ன ஆனாள்னு கேப்பீங்க. இடது கையிலே கட்டோட இருந்தா. டியூஷனை நிறுத்தினேன். ராத்திரி பத்து மணிக்கு லைட்டை நானே அணைச்சேன். காலையிலே ஆறு மணிக்கு அவளா எந்திரிச்சா. மார்ச் மாசம் பரீட்சை எழுதினா. மாநிலத்திலே முதல் மார்க்கெல்லாம் வாங்கலீங்க. பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு என்ன வருமோ அதை வாங்கினா. இன்னிக்கு ஒரு ஆஸ்பத்திரியிலே நர்ஸா இருக்கா. ராத்திரி டியூட்டி முடிஞ்சா ஸ்கூட்டர் எடுக்க மாட்டா, பஸ்ஸிலேதான் வருவா. வந்ததும் ஜன்னலுக்குச் சேலையைக் கட்டிட்டுத் தூங்குவா. நானும் என் வீட்டுக்காரம்மாவும் செருப்புச் சத்தம்கூடக் கேக்காம நடப்போம். பேரப் பிள்ளைகிட்டே நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "சத்தம் போடாத சாமி, அம்மா தூங்கறா."

கடைசியா ஒரு வேண்டுகோள். இந்த நிகழ்ச்சியை டிவியிலே பார்க்கிற என் பழைய மாணவர்களே! 2009-ல் என்கிட்டே படிச்ச அந்த 42 பிள்ளைங்களே! உங்களுக்கெல்லாம் இன்னிக்கு முப்பது வயசைத் தாண்டியிருக்கும். உங்க பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருப்பாங்க. அன்னைக்கு உங்க தூக்கத்தை நான் பறிச்சேன். இந்த மேடையிலே நின்னு உங்ககிட்டே மன்னிப்புக் கேக்கிறேன். நான் உங்களுக்குக் குடுத்த மிஸ்டு காலை, நீங்க உங்க பிள்ளைகளுக்குக் குடுத்துடாதீங்க சாமி.

மாணவரை உயர்த்துவது இரவு உறக்கமே, உறக்கமே என்று தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)